நியூயார்க்கில் ஜாஸ் டிரம்மராகக் காலூன்றுவது எப்படி

ஜாஸ் டிரம்ஸைத் தொழிலாக எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இந்தத் தொழிலில் வேலை கொடுப்பவர் யார் என்பதுதான். ரசிகரோ கம்பெனியோ யூடியூபோ கொடுப்பதில்லை, கூட வாசிக்கிற ஆள் கொடுக்கிறார். ஒரு பியானோக்காரருக்கு அடுத்த வாரம் டிரம்மர் தேவைப்படும்போது அவர் மனசில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவருக்குத்தான் போன் போகும். சோலோ பிரமாதமாக வாசித்தால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் பக்கத்தில் நிற்பவரை நன்றாக வாசிக்க வைத்தால்தான் மறுபடி கூப்பிடுவார்கள். நம் ஊரில் நல்ல பக்கவாத்தியக்காரர் என்று யாரைச் சொல்வோமோ, அங்கேயும் அவரைத்தான் தேடுகிறார்கள். இனி சொல்லப்போவது எல்லாமே அந்தப் போன் வருவதற்கும், வந்தது நிற்காமல் இருப்பதற்கும்தான்.

டிரம்மர் டோனி வில்லியம்ஸ் கதை எல்லோரையும் மயக்கிவிடும். 1945ல் பிறந்தவர், 1963ல் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் உட்கார்ந்தபோது வயது 17. அதைக் கேட்டுவிட்டு 'பிறவி மேதை, நமக்கெல்லாம் ஆகாது' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். அப்பா சாக்ஸபோன் வாசிப்பவர், சின்ன வயதிலேயே பையனை பாஸ்டன் கிளப்புகளுக்குக் கூட்டிப்போனார். ஆலன் டாசன் என்ற அருமையான வாத்தியாரிடம் பாடம், அப்புறம் சாக்ஸபோன்காரர் சாம் ரிவர்ஸுடன் கச்சேரிகள். பாஸ்டனில் அவரைக் கேட்ட இன்னொரு சாக்ஸபோன்காரர் ஜாக்கி மெக்லீன் நியூயார்க்குக்கு அழைத்துப்போனார், மெக்லீனுடன் வாசிப்பதைக் கேட்டுத்தான் மைல்ஸ் கூப்பிட்டார். ஒவ்வொரு படியிலும் இன்னொரு வித்வான் கை கொடுத்திருக்கிறார், 17 வயதுக்குள் அந்தப் பையன் பல வருஷம் மேடையில் வேலை பார்த்து முடித்திருக்கிறான். மேதைமையை நாம் கடன் வாங்க முடியாது. இந்த வழியைப் பின்பற்றலாம்.

முதலில் வலது கை

1930கள் வரை டிரம்மர்கள் காலத்தை பெரும்பாலும் பேஸ் டிரம்மில் காலால் நாலு நாலாக அடித்துக் காட்டினார்கள். 1940ஐ ஒட்டி, ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இடத்தில் வாசித்துக்கொண்டிருந்த கென்னி கிளார்க் அந்த வேலையை ரைட் சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டுக்கு மாற்றினார். காலைத் திடீர்த் திடீரென்று விழும் அழுத்தங்களுக்கு வைத்துக்கொண்டார். இன்றைக்கு நவீன ஜாஸ் டிரம்ஸ் என்று சொல்வது எல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். அதனால் உங்கள் முதல் இரண்டு வருஷச் சாதகம் வலது கையில்தான் இருக்க வேண்டும், இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மறுபக்கம்.

டிங், டிங்-க டிங், டிங்-க டிங். அவ்வளவுதான் பாடம், ஆனால் இதை ஆயுள் முழுக்க வாசிக்கலாம். 120 வேகத்தில், அதாவது நிமிஷத்துக்கு 120 பீட்டாக, வாசிப்பதாக இருந்தால் தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை 60ல் வையுங்கள், அந்தச் சத்தம் இரண்டாவது, நாலாவது பீட்டில் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹை-ஹேட் என்ற ஜோடி சிம்பலை இடது கால் அதே இரண்டிலும் நாலிலும் மூடட்டும். வலது கால் பேஸ் டிரம்மில் நாலு பீட்டையும் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், தோலை வருடுகிற அளவுக்கு மெதுவாக. அது எதிரே இருப்பவர் காதில் விழக்கூடாது, ஆனால் நிறுத்தினால் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும். பத்து நிமிஷம் ஒரு அலங்காரமும் இல்லாமல் வாசியுங்கள். பழகிய பிறகு மெட்ரோனோமை 30க்கு இறக்குங்கள், நாலு பீட் சேர்ந்த ஒரு பாருக்கு ஒரே ஒரு தட்டுதான் வரும், இடையில் இருப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் கை ஞாபகம் காதை ஏமாற்றும்.

அந்த 'க' எங்கே விழுகிறது என்பதில்தான் ஸ்விங் என்கிற துள்ளல் இருக்கிறது. மெதுவான பாட்டில் அது, பீட்டை மூன்றாகப் பிரித்தால் மூன்றாவது பங்குக்கு அருகே, அடுத்த பீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். வேகம் ஏற ஏற அது நடுவுக்கு நகர்ந்து, 300ஐத் தொடும்போது கிட்டத்தட்டச் சமமாகிவிடும். இதைக் கணக்குப் போட்டு வாசிக்க முடியாது, கேட்டுக் கேட்டுத்தான் வரும். ஒரு வாரம் முழுக்க டிரம்மர் எல்வின் ஜோன்ஸை மட்டும் கேளுங்கள், அடுத்த வாரம் ராய் ஹெய்ன்ஸ். ஒருவர் நாலு கை கால்களிலும் மும்மூன்றாக உருட்டி ஒரு பெரிய அலையைக் கிளப்புவார், இன்னொருவர் ஒவ்வொரு அடியையும் நறுக்கென்று தனித்தனியாக வைப்பார். இருவருக்கும் காலப்பிரமாணம் அசையாது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது வேகம் ஏறுவதும், அடங்கும்போது இழுப்பதும்தான் புதியவர்களை எளிதில் காட்டிக்கொடுக்கும் இரண்டு விஷயங்கள். அதிலும் 60க்கு மெதுவான பாட்டில் வண்டவாளம் முழுக்கத் தெரிந்துவிடும், வேகமான பாட்டில் ஒளிந்துகொள்ளலாம்.

பாட்டு வாயில் வர வேண்டும்

டோனி வில்லியம்ஸின் வாத்தியார் ஆலன் டாசன் 1957 முதல் 1975 வரை பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் பாடம் கேட்டவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். நாலு கை கால்களும் வெவ்வேறு வேலை செய்யும் பயிற்சிகளை வாசிக்கும்போது, வாய் ஒரு பாட்டின் மெட்டைப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா எண்ணிக்கொண்டு வாசிக்க விடமாட்டார். இதைவிடச் சிறந்த பாடமுறை டிரம்ஸுக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

செய்து பாருங்கள். முதலில் 12 பார் புளூஸ் ஒன்று, அப்புறம் 32 பார் உள்ள ஒரு பழைய பாட்டு. அந்த 32ல் முதல் எட்டு ஒரு மெட்டு, அடுத்த எட்டு அதே மெட்டு, மூன்றாவது எட்டு மாறும், நாலாவது எட்டில் பழைய மெட்டு திரும்பும். பாடிக்கொண்டே ரைட் வாசியுங்கள். இடது கை முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மில் எது வேண்டுமானாலும் செய்யட்டும், பாட்டு தடுமாறக்கூடாது. அது வந்த பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பாடியபடி சோலோ வாசியுங்கள். 32வது பார் முடிகிற இடத்தில் நண்பர் ஒருவர் கை தட்டட்டும், நீங்களும் அங்கே இருக்கிறீர்களா பாருங்கள். ஜாமில், அதாவது வந்தவர்கள் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் இடத்தில், நாலு நாலு பாராக மாற்றி மாற்றி வாசிக்கும்போது டிரம்மர் தன் நாலு பாரில் தொலைந்துபோனால் மொத்தக் குழுவும் எங்கே திரும்ப நுழைவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த முகங்களை நாலு வருஷம் ஆனாலும் மறக்க முடியாது, அவர்களும் உங்களை மறக்கமாட்டார்கள்.

இந்தப் பாடம் எங்கே கொண்டுபோய்விடும் என்று தெரிய, மைல்ஸ் டேவிஸ் குழு 1967ல் பதிவு செய்த 'நெஃபர்டிட்டி'யைக் கேளுங்கள். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சோலோவே எடுக்காமல் அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், அடியில் டோனி ஒவ்வொரு சுற்றிலும் வேறு உலகத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். எவ்வளவு புயலடித்தாலும் மெட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவருக்கு ஒரு கணம்கூட நழுவவில்லை. வாயில் பாட்டு இருந்ததால்தான் கைக்கு அவ்வளவு சுதந்திரம்.

ஜாமுக்குப் போகுமுன் நூறு பாட்டாவது மனப்பாடமாக இருக்கட்டும். 'டிரம்மருக்கு மெட்டு எதற்கு' என்று கேட்கிற ஆளோடு பழகாதீர்கள். ஸ்டிக்குக்குப் பதிலாக மெல்லிய கம்பிகளால் வருடி வாசிக்கிற பிரஷ்ஷை ஓரம் கட்டவும் வேண்டாம். அறுபது பேர் உட்காரும் நிலவறையில் மைக் இல்லாமல் பியானோ, பேஸ் என்ற பெரிய கம்பி வாத்தியம், டிரம்ஸ் வாசிக்கும்போது ஸ்டிக்கோடு மட்டும் வந்தவர் பாதிப் பாட்டுக்குக் கூடுதல் சுமைதான். மெதுவாக வாசிக்கும்போதும் துடிப்பு குறையாமல் இருப்பது பலமாக வாசிப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம், அதற்குத்தான் கூலியும் தருகிறார்கள்.

எதில் பணம் போடுவது

ஜாஸுக்கு வழக்கமான சின்ன செட் என்றால் 18 அங்குல பேஸ் டிரம், 12ல் ஒரு டாம், 14ல் ஒரு ஃப்ளோர் டாம், 14ல் ஸ்னேர், எல்லாமே ராக் செட்டைவிட உயர்ந்த ஸ்ருதியில். ஆனால் நியூயார்க் போகிறவர் விலையுயர்ந்த செட் வாங்க அவசரப்பட வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் வாசிக்க விடமாட்டார்கள், சாதகத்துக்கு மணிக்கணக்கில் வாடகை அறைதான். ஜாஸ் கிளப்புகள் பெரும்பாலானவற்றில் செட் அங்கேயே இருக்கும். நீங்கள் சப்வேயில் தோளில் தூக்கிப்போவது சிம்பல் பையும் ஸ்டிக் பையும்தான், சிலர் ஸ்னேரையும் எடுத்துப்போவார்கள். ஆக, ஊரெல்லாம் உங்களை அடையாளம் காண்பது அந்தச் சிம்பலை வைத்துத்தான். இருக்கிற பணத்தை ஒரு நல்ல ரைடில் போடுங்கள்.

20லிருந்து 22 அங்குலம், கனம் குறைந்தது, துருக்கி மரபில் கையால் சுத்தியல் அடித்துச் செய்தது என்றால் நல்லது. கடையில் பார்க்கும்போது முதலில் மிக மெதுவாக வாசியுங்கள். ஸ்டிக் படுகிற சத்தம் மரத்தில் தட்டியதுபோலத் தெளிவாகக் கேட்கிறதா? ஒரு நிமிஷம் விடாமல் வாசித்த பிறகு அடியில் எழும் இரைச்சல் அந்தத் தெளிவை விழுங்குகிறதா? விளிம்பில் ஒரு தடவை பலமாக அடித்துவிட்டு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கவனியுங்கள். அப்புறம் கடைக்காரரையோ நண்பரையோ வாசிக்கச் சொல்லி நீங்கள் அறையின் மறுகோடிக்குப் போய் நில்லுங்கள், ஏனென்றால் சாக்ஸபோன்காரர் கேட்பதும் ரசிகர் கேட்பதும் அந்தச் சத்தத்தைத்தான். அவசரப்பட வேண்டாம், மூன்று நாலு கடை ஏறி இறங்கலாம்.

படிப்பும் விசாவும்

பாஸ்டனில் பெர்க்லி, நியூயார்க்கில் நியூ ஸ்கூல், மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக், ஜூலியார்ட், ஆற்றுக்கு அந்தப்பக்கம் நியூஜெர்சியில் வில்லியம் பேட்டர்சன். எல்லாம் நல்ல இடங்கள், கட்டணம் கண்ணைக் கட்டும். பட்டத்தைப் பார்த்து யாரும் கச்சேரிக்குக் கூப்பிடுவதில்லை. அங்கே கிடைக்கிற பெரிய சொத்து உடன் படிப்பவர்கள்தான், இன்றைக்குப் பக்கத்து அறையில் பேஸ் சாதகம் செய்கிற பெண்தான் பத்து வருஷம் கழித்து உங்களுக்கு ஐரோப்பியப் பயணம் வாங்கித் தரப்போகிறார். உதவித்தொகை கிடைத்தால் போங்கள். வீட்டை அடமானம் வைத்துப் போகாதீர்கள்.

டிரம்மர் பிரையன் பிளேடைப் பாருங்கள். 1970ல் லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்தவர், அப்பா போதகராக இருந்த தேவாலயத்தில் வாசித்து வளர்ந்தார். 18 வயதில் அவர் போனது நியூயார்க் இல்லை, நியூ ஆர்லியன்ஸ். லயோலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஜானி விடகோவிச்சிடம் டிரம்ஸ் கற்றுக்கொண்டு, அந்த ஊர் மூத்தவர்களோடு வாசித்தார். தினமும் ராத்திரி வாசிக்க இடம் இருக்கிற ஊர், தன்னைவிடப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார விடுகிற ஊர், இந்த இரண்டும் இருந்தால் முதல் சில வருஷத்துக்கு எந்த ஊரும் போதும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மாணவர் விசாவில் இருந்துகொண்டு அனுமதி இல்லாமல் வெளியே காசுக்கு வாசிக்கக்கூடாது. படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் வேலை பார்க்க அனுமதி கிடைக்கும், அதற்கு மேல் கலைஞர்கள் பெரும்பாலும் போவது ஓ-1 விசாவுக்கு. முதல் தடவை மூன்று வருஷம் வரை தருவார்கள். உங்களுக்காக ஒரு நிறுவனமோ ஏஜென்டோ விண்ணப்பிக்க வேண்டும், நீங்கள் தனித்திறமை உள்ளவர் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். பத்திரிகை விமர்சனம், கச்சேரி நோட்டீஸ், ஒப்பந்தம், பதிவுகளில் உங்கள் பெயர், பெரிய வித்வான்களின் கடிதம் எல்லாம் சேர்த்து ஒரு கட்டு ஆகும். அதனால் ஊரில் வாசிக்கிற முதல் கச்சேரியிலிருந்தே ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள், ஸ்கேன் செய்து தேதி போட்டு வையுங்கள். டொரன்டோவில் இருப்பவர்களுக்குக் கனடா இசைக்கலைஞர் சங்கம் வழியாக பி-2 விசா என்ற சுலபமான பாதை ஒன்று இருக்கிறது, சங்கத்தில் சேர்ந்துவிட்டு விசாரியுங்கள்.

ஜாம்

கிரீனிச் வில்லேஜில் மேற்கு 10வது தெருவில் ஸ்மால்ஸ் என்று ஒரு நிலவறை கிளப், 1994ல் தொடங்கியது. பேருக்கேற்ற சின்ன இடம். கச்சேரிகள் முடிந்த பிறகு நள்ளிரவை ஒட்டி ஜாம் நடக்கும், இன்றைக்குப் பெரிய பெயராக இருக்கிற பலர் அந்த மாதிரி இடங்களில் ராத்திரி கண்விழித்தவர்கள்தான்.

போனவுடனே ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்காதீர்கள். உள்ளே போய், ஏதாவது வாங்கிக் குடித்துக்கொண்டு, ஒரு சுற்று வாசிப்பு முழுக்கக் கேளுங்கள். நடத்துகிறவரிடம் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், இரண்டு மணி வரை கூப்பிடாமலும் போகலாம், முகம் சுளிக்காதீர்கள். உங்கள் முறை வந்தால் இருக்கை உயரத்தை மட்டும் சரி செய்துகொண்டு உட்காருங்கள். டாமைச் சாய்த்து, சிம்பலை மாற்றி, பெடலைக் கழற்றி ஐந்து நிமிஷம் எடுக்கிறவர் ஒரு அடி அடிக்குமுன்பே எல்லோரையும் வெறுப்பேற்றியிருப்பார். என்ன பாட்டு என்று கேளுங்கள். தெரியாத பாட்டு என்றால் தெரியாது என்று சொல்லுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, தெரிந்ததுபோல் நடிப்பதுதான் ஆபத்து. எண்ணுகிறவர் கொடுத்த வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேஸ்காரரின் வலது கையைப் பாருங்கள். விரல் கம்பியை விடுகிற கணமும் உங்கள் ஸ்டிக் சிம்பலில் படுகிற கணமும் ஒன்றாக வேண்டும். சிலர் பீட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் வாசிப்பார்கள், சிலர் பின்னால் சாய்ந்து வாசிப்பார்கள். நீங்கள் அவரை இழுக்கவும் வேண்டாம், அவர் பின்னால் ஓடவும் வேண்டாம். முதல் சுற்று முழுக்க ரைடும் ஹை-ஹேட்டும் போதும், இடது கையை அடக்கி வையுங்கள். சாக்ஸபோன்காரர் மூச்சு வாங்குகிற ஒவ்வொரு இடத்தையும் நிரப்பத் தோன்றும், பாதியை விடுங்கள், அந்த இடைவெளி அவர் வைத்தது. அவர் நாலாவது சுற்றில் சூடாகிறார் என்றால் நீங்கள் மூன்றாவது சுற்றின் கடைசியிலேயே விறகு போட்டிருக்க வேண்டும். பியானோ சோலோவுக்கு இறங்குங்கள், பேஸ் சோலோவுக்கு இன்னும் இறங்குங்கள், ஆனால் வேகத்தை இறக்காதீர்கள்.

இரண்டு பாட்டு முடிந்ததும் எழுந்துவிடுங்கள். மூன்றாவதுக்கு அவர்களே இருக்கச் சொன்னால் வேறு விஷயம். கூட வாசித்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லுங்கள், முக்கியமாகப் பேஸ்காரரோடு நின்று பேசி நம்பர் வாங்குங்கள். டிரம்மருக்கு வேலை வாங்கித் தருவதில் பேஸ்காரரை மிஞ்சிய ஆள் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து, ஏனென்றால் மோசமான டிரம்மரால் அதிகம் அவதிப்படுவது அவர்தான். அடுத்த வாரமும் அதே நாள், அதே இடத்துக்குப் போங்கள். பத்து இடத்துக்கு ஒரு தடவை போவதைவிட ஒரே இடத்துக்குப் பத்துத் தடவை போவது மேல்.

கூப்பிட்ட பிறகு

செய்தி வந்தால் உடனே பதில் போடுங்கள், முடியாது என்றாலும்தான். பாட்டுகளை அனுப்பியிருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். எழுதிக்கொடுத்த தாளை முதல் பார்வையிலேயே வாசிக்கத் தெரியாமல் இப்போது பிழைக்க முடியாது, நவீனக் குழுக்கள் சொந்தப் பாட்டுகளைத்தான் அதிகம் வாசிக்கின்றன. சின்ன இடங்களில் ஒரு ராத்திரிக்கு 100 டாலரைச் சுற்றித்தான் கிடைக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. எனவே பாடம் சொல்லிக்கொடுப்பது, கல்யாணங்கள், தேவாலய வாசிப்பு, பாடகர்களோடு பதிவு எல்லாம் சேர்ந்துதான் வாடகை கட்டும். அதில் ஒன்றையும் கேவலமாக நினைக்காதீர்கள்.

இன்னொருவருக்குப் பதிலாகப் போகிற வாய்ப்பை லேசாக நினைக்க வேண்டாம். 1963ல் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் குழுவில் எல்வின் ஜோன்ஸ் இல்லாதபோது உட்கார்ந்தவர் ராய் ஹெய்ன்ஸ். அவர் எல்வின் மாதிரி வாசிக்கவும் இல்லை, எல்வின் இடத்தைப் பறிக்கவும் இல்லை, குழுவுக்கு வேண்டியதைத் தன் பாணியில் கொடுத்துவிட்டு வந்தார். 1925ல் பிறந்து 2024ல் 99 வயதில் மறைந்த அந்த மனிதர் லெஸ்டர் யங், சார்லி பார்க்கர், சாரா வான், சிக் கொரியா, பேட் மெத்தினி என்று தலைமுறை தலைமுறையாக வாசித்திருக்கிறார். ஒவ்வொரு தலைமுறையும் அவரைத் தேடி வந்தது. எனக்கு ஒரே ஒருவரைப் பின்பற்றச் சொன்னால் ராய் ஹெய்ன்ஸ்தான்.

அவருடைய பேரன் மார்கஸ் கில்மோர். இங்கே நமக்கு ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர் இன்றைய ஜாஸ் பியானோவில் முன்வரிசை ஆள், அவருடைய மூவர் குழுவில் பல வருஷம் டிரம்ஸ் வாசித்தவர் கில்மோர். பின்னால் அந்த இடத்துக்கு டைஷான் சோரி வந்தார். அந்தக் குழுவின் பதிவுகளில் ஏழு, பதினொன்று என்று போகிற தாளக்கட்டுகளைக் கேட்டால் நம் காதுக்கு அந்நியமாக இருக்காது. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் தெரிந்தவர்களுக்கு இது பெரிய பலம், அமெரிக்க டிரம்மர் ஸ்டீவ் ஸ்மித் போன்றவர்கள் தேடி வந்து கற்றுக்கொண்ட வித்தை அது. ஆனால் ஒரு எச்சரிக்கை. மிருதங்கம் பழகிவிட்டு டிரம்ஸுக்கு வருகிறவர்கள் மூன்றாவது பாரிலேயே கணக்கில் இறங்கி, கோர்வை வைத்து, சமத்தில் வந்து விழுந்து நிமிர்ந்து பார்ப்பார்கள். பாட்டில் அப்போது பியானோக்காரர் ஏதோ மென்மையாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். ஜாஸுக்கு உங்களிடமிருந்து முதலில் வேண்டியது சர்வலகு, அதாவது கணக்குப் போடாமல் சீராக ஓடும் நடை. கணக்கு உள்ளே இருக்கட்டும், கேட்டால் எடுங்கள்.

நீண்ட கூட்டணிதான் இந்தத் தொழிலின் உச்சம். பியானோவில் கீத் ஜாரெட், பேஸில் கேரி பீகாக், டிரம்ஸில் ஜாக் டிஜானெட் மூவரும் 1983ல் ஒன்று சேர்ந்து 2014 வரை வாசித்தார்கள். பிரையன் பிளேட் 2000லிருந்து சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டரின் நால்வர் குழுவில் இருந்தார். ஒரு நல்ல குழு கிடைத்துவிட்டால், கொஞ்சம் கூடுதல் காசுக்காக அதை உதறாதீர்கள்.

பெண்களுக்கு இந்தப் பாதை இன்னும் கரடுமுரடு, அதை மறைத்துப் பயனில்லை. டிரம்மர் டெரி லின் கேரிங்டன் 11 வயதில் பெர்க்லியில் உதவித்தொகை வாங்கியவர், 2014ல் ஜாஸ் வாத்திய இசை ஆல்பத்துக்கான கிராமியை வென்ற முதல் பெண். 2018ல் அதே பெர்க்லியில் ஜாஸில் பாலின நீதிக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஜாமில் 'பாடப் போகிறீர்களா' என்று கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் உட்கார்ந்து வாசியுங்கள், மரியாதை இல்லாத குழுவை விட்டு விலகத் தயங்காதீர்கள், உங்களை மதிக்கிற பேஸ்காரர்கள் அதே ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பாட்டு எழுதுங்கள்

டிரம்மர் வாசித்ததற்கு அன்றைக்குக் கூலி, பாட்டு எழுதியவருக்கு அது ஒலிக்கும்போதெல்லாம் ராயல்டி. அமெரிக்காவில் சாதாரண வானொலி, வாசித்தவர்களுக்கு ஒன்றுமே தருவதில்லை, எழுதியவருக்கு மட்டும்தான். இணைய வானொலியில் வருகிற தொகையில் கூட 45 சதவீதம் ஆல்பத்தில் பெயர் போட்ட கலைஞருக்கும், 5 சதவீதம்தான் பக்கத்தில் வாசித்த அத்தனை பேருக்கும் சேர்த்து. இந்த ஒரு கணக்கே போதும், பியானோ கற்றுக்கொள்ளுங்கள். ஜாக் டிஜானெட் பியானோவும் வாசித்தவர், இன்னொரு டிரம்மர் அன்டோனியோ சான்செஸ் மெக்சிகோவில் முறையாகப் பியானோ படித்தவர், டோனி வில்லியம்ஸ் மைல்ஸ் குழுவுக்கே பாட்டு எழுதிக்கொடுத்தார். டைஷான் சோரி 2024ல் இசையமைப்புக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியிருக்கிறார். பாட்டு எழுதியதும், எழுதியவருக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐயில் உறுப்பினராகிப் பதிந்துவிடுங்கள், ஆல்பம் வெளிவந்ததும் இணைய வானொலித் தொகையைப் பிரித்துத் தரும் சவுண்ட்எக்ஸ்சேஞ்சிலும் பதியுங்கள்.

சொந்தக் குழு வைக்க முப்பது வயது வரை காத்திருந்தாலும் தப்பில்லை, ஆனால் சின்ன இடம் என்று அசட்டையாக வாசிக்காதீர்கள். 2014ல் நியூயார்க்கில் 55 பார் என்ற சின்ன மதுக்கூடத்தில் சாக்ஸபோன்காரர் டானி மெக்காஸ்லினின் குழு வாசித்துக்கொண்டிருந்தது, டிரம்ஸில் மார்க் கிலியானா. கேட்க வந்திருந்தவர் உலகப்புகழ் பெற்ற ராக் பாடகர் டேவிட் போவி. 2016 ஜனவரியில் வெளிவந்த அவருடைய கடைசி ஆல்பத்தில் வாசித்தது அந்தக் குழுதான். சிகாகோவில் டிரம்மர் மகாயா மெக்ரேவன் வேறு வழி கண்டுபிடித்தார், சின்னச் சின்ன இடங்களில் வாசித்த கச்சேரிகளைப் பதிவு செய்து, வீட்டில் வெட்டி ஒட்டி, புது இசையாக்கி ஆல்பம் போட்டார். எல்லாக் கச்சேரியையும் பதிவு செய்யுங்கள், கூட வாசிப்பவர்களிடம் கேட்டுவிட்டு.

உடம்பு

காது போனால் தொழில் போயிற்று. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100ல் கால் மணி நேரம்தான். சாதக அறையில் அதைத் தாண்டிவிடுவீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்று காது அளவெடுத்துச் செய்கிற அடைப்பான் வாங்குங்கள், பஞ்சு போதாது. முதுகுக்கு இருக்கை உயரம் முக்கியம், தொடை முழங்காலை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்திருக்கிற உயரம் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும்.

டோனி வில்லியம்ஸ் 1997ல் 51 வயதில், பித்தப்பை அறுவைக்குப் பிறகு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இன்னும் முப்பது வருஷம் வாசித்திருக்க வேண்டிய கை அது, நினைத்தால் இப்போதும் மனசு ஆறுவதில்லை. உடம்பில் எது வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நியூயார்க்கில் மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஒரு மாதம்கூட இருக்காதீர்கள், கைமீறிப் போனால் ஜாஸ் பவுண்டேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு இசைக்கலைஞர்களுக்கு உதவுகிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஐரோப்பா

கோடையில் ராட்டர்டாம், பெரூஜியா, மான்ட்ரோ என்று விழாக்கள் வரிசையாக வரும், அமெரிக்கக் குழுக்கள் பலவற்றுக்கு வருஷத்தின் நல்ல வருமானம் அதில்தான். செட்டை விழாக்காரர்கள் கொடுப்பார்கள், சிம்பல் உங்களுடையது. சிம்பலை விமானத்தில் சரக்கோடு போடாதீர்கள், 22 அங்குலப் பை உள்ளே வருமா என்று டிக்கெட் எடுக்குமுன்பே கேளுங்கள். ஒப்பந்தத்தில் 18 அங்குல பேஸ் டிரம், 12, 14 டாம், பூச்சுள்ள தோல் என்று விவரமாக எழுதி அனுப்புங்கள், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி ஒரு மெயில் போடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு மேடையில் 22 அங்குல ராக் செட் நிற்கும் நாள் வரும். சண்டை போட நேரம் இருக்காது. பேஸ் டிரம் முன்தோலில் ஓட்டை இருந்தால் உள்ளே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள், டாம்களின் மேல்தோலை நன்றாக முறுக்கி ஏற்றுங்கள், ஸ்னேரை அதற்கு மேல் ஏற்றுங்கள், பேஸ்காரரை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி அவரிடம் கேட்டுச் சரி செய்யுங்கள். அதற்கு டிரம் சாவி வேண்டும். ஒன்று சிம்பல் பையிலும் ஒன்று சட்டைப் பையிலும் எப்போதும் இருக்கட்டும்.